அடுத்த வாரம் எழுதுங்க

அலுவலக நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவள் கிரெட்சன் போஸ்மா. ஃபோம், துணி, திருகாணி, சக்கரம் எல்லாம் எங்கே கிடைக்கும், யார் சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்புவான், யார் கடைசி நேரத்தில் கையை விரிப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி. மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸில் அந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேருக்கு அவள் குரலைக் கேட்டாலே ஆள் தெரியும். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவளையும் சேர்த்துப் பதினாறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றோடு தொலைபேசி வாயடைத்துப்போனது. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் பன்றித்தொடை இறைச்சியும் வாழ்த்து அட்டையும் அனுப்பிய விற்பனைக்காரர்கள் ஒருவர்கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. வேலை போனதைவிட இதுதான் அவளை அதிகமாக அரித்தது. அவர்களைத் தன் சிநேகிதர்கள் என்று நினைத்திருந்தாள்.

மார்ச்சில் கொள்முதல்காரர்கள் சங்கம் ஆற்றோர ஹோட்டல் ஒன்றில் மாலைக் கூட்டம் வைத்தது. அவளுக்குப் போக மனமில்லை. பிடித்துத் தள்ளியவள் யொலாண்டா. பழைய கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரி. அந்த வியாழக்கிழமை தப்பித்து இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறவள்.

“வீட்டுல உக்காந்து புருஷனோட சாக்ஸை மடிச்சுக்கிட்டு இருந்தா யாரும் கதவைத் தட்டி வேலை குடுக்கப் போறதில்லடி. போய் நாலு பேர்கிட்ட பேசு, நாலு கார்டு வாங்கு. மறுநாளே எழுது. ஒரு நாள் தாண்டிடுச்சுன்னா உன் மூஞ்சியே அவங்களுக்கு மறந்துடும்.”

போனாள். முதல் முக்கால் மணி நேரம் சுவரோரமாக நின்று தட்டில் இருந்த நான்கு துண்டு பாலாடைக்கட்டியை எட்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கான்ராட் டைக்ஹவுஸ் வந்து பக்கத்தில் நின்றார். அறுபதை நெருங்கும் உயரமான மனிதர். பக்கத்து ஊரான ஸீலண்டில் மருத்துவமனைக் கட்டில் செய்யும் ரிவர்பெண்ட் கம்பெனியில் கொள்முதல் தலைவர். இப்படிப்பட்ட கூட்டங்களில் பெரிய ஆட்கள் நம்மிடம் பேசும்போதே கண்ணால் அடுத்த ஆளைத் தேடுவார்கள். இவர் அப்படித் தேடவில்லை. அவள் பேசப்பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு வருடம் ஃபோம் எங்குமே கிடைக்காமல் போனபோது, இந்தியானாவில் மூடப்போகிற மெத்தைத் தொழிற்சாலை ஒன்றின் காவலாளியைப் பிடித்து, அவன் மூலமாக முதலாளியைப் பிடித்து, கிடங்கு முழுவதையும் வாங்கி மூன்று லாரியில் ஏற்றிவந்த கதையைச் சொன்னாள். கான்ராட் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கார்டை எடுத்து அதன் பின்பக்கம் தன் சொந்த எண்ணை எழுதினார்.

“ஏப்ரல்ல எங்ககிட்ட ஒரு இடம் காலியாகுது. உங்களை மாதிரி ஆள்தான் அதுக்கு வேணும். அடுத்த வாரம் எழுதுங்க. மறந்துடாதீங்க.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனாள். நான்கு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தவளுக்கு முதல் வார்த்தையிலேயே தடுக்கியது. கான்ராட் என்று எழுதுவதா, மிஸ்டர் டைக்ஹவுஸ் என்று எழுதுவதா? அவர் அடுத்த வாரம் என்றல்லவா சொன்னார். இன்றைக்கே எழுதினால் பறக்கிறாள் என்று நினைப்பாரோ? எழுதாமல் விட்டால் அதற்குள் வேறு யாராவது எழுதிவிடுவார்களோ? லைலைக் கேட்டாள். வீடு வீடாகப் போய், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பழுது பார்க்கிறவன் அவள் கணவன். பேச்சிலும் வேலையிலும் சுற்றிவளைக்கத் தெரியாதவன். அடுத்த வாரம்னு சொன்னா அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். யொலாண்டாவோ மணிக்கணக்கைச் சொல்லிச் சொல்லிக் குறுஞ்செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குக் கிரெட்சன் மின்னஞ்சலை அனுப்பிவிட்டாள். ஆறே வரி. சந்தித்ததில் மகிழ்ச்சி, ஏப்ரல் இடத்தைப் பற்றிப் பேச ஆவல், உங்களுக்கு வசதியான நாளில் ஸீலண்டுக்கு வருகிறேன். அனுப்பிய கடிதத்தை இன்னொரு தடவை படித்தபோதுதான் பார்த்தாள். டைக்ஹவுஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் டைக்ஹைஸ் என்று எழுதியிருந்தாள்.

மேற்கு மிச்சிகனில் இது சின்னப் பிழை இல்லை. அங்கே டைக்ஹவுஸ்களும் இருக்கிறார்கள், டைக்ஹைஸ்களும் இருக்கிறார்கள். பாட்டன் காலத்தில் ஒரே ஹாலந்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒருவரை மற்றவர் பெயரில் கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும். ஹாலந்து வழி வந்த போஸ்மா வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்கு இது தெரியாதா?

திருத்தி, மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பட்டுமா என்று யொலாண்டாவிடம் கேட்டாள்.

“அவர் கவனிக்காம விட்டிருந்தா நீயே விரலை நீட்டிக் காட்டுறதா? பேசாம இரு. இன்னிக்கு நீ ஒண்ணும் எழுதக் கூடாது, கையைக் கட்டிக்கிட்டு இரு.”

கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. சமைக்கும்போது தொலைபேசியை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்தாள். குளிக்கும்போது கழுவுதொட்டி ஓரத்தில் வைத்தாள். ஒவ்வொரு தடவை அது அதிர்ந்தபோதும் ஓடிப்போய் எடுத்தாள். பல் மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல். நூலகத்திலிருந்து, கேட்ட புத்தகம் வந்திருக்கிறது என்று. லைல், பால் வாங்கட்டுமா என்று.

செவ்வாய்க்கிழமை, அவரே சொன்ன அந்த அடுத்த வாரம் வந்தது. இன்னொரு கடிதம் எழுதினாள். வெறுமனே கேட்டால் பிச்சை மாதிரி இருக்கும் என்று, ஒஹையோவில் ஒரு ஃபோம் ஆலை மே மாதம் விலை ஏற்றப்போகிறது, உங்களுக்கு உபயோகப்படலாம் என்று ஒரு தகவலையும் சேர்த்தாள். இந்தத் தடவை பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து ஒன்பது தடவை சரிபார்த்தாள். அதற்கும் பதில் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜனவரியில் ஏதோ நினைப்பில் விண்ணப்பித்திருந்த பள்ளிப் பேருந்துப் பணிமனை. பேருந்துகளுக்கு உதிரிபாகம் தருவிக்கிற வேலை; சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு, காப்பீடு உண்டு. அங்கே இருந்த ப்ரூயிட் என்ற அம்மாள் தன்மையாகத்தான் பேசினாள். ஆனால் திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும், அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றும் சொல்லிவிட்டாள்.

லைல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டான். கேட்டு முடித்ததும், எடுத்துக்கோ என்றான்.

“கான்ராட் சொன்ன இடம் கிடைச்சா?”

“அந்த ஆள் உனக்கு ஒரு வரி எழுதினானா?”

“வேலையா இருக்கும். பெரிய பொறுப்புல இருக்கவரு.”

“கிரெட்சன், எனக்கும்தான் வேலை இருக்கு. ஃபர்னஸ் நின்னுபோய் யாராவது கூப்பிட்டா, இன்னிக்கு வரமுடியாதுன்னாவது சொல்றேன் இல்ல?”

லைல் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த அரை மணி நேரப் பேச்சில் அந்த மனிதர் சிரித்த சிரிப்பு பொய்யில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருடம் ஆளைப் பார்த்து எடைபோட்டவள் ஆயிற்றே. அந்தக் கணிப்பும் தவறாகிவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று பயந்தாள்.

வெள்ளிக்கிழமை கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்து, செய்தி சொல்லுங்கள் என்றது. என்ன பேச வேண்டும் என்பதைத் தாளில் எழுதித்தான் வைத்திருந்தாள். பேச ஆரம்பித்ததும் தாளை விட்டு எங்கோ போய்விட்டாள். பெயரைத் தப்பாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டாள், திங்கட்கிழமை மதியம் வரைதான் நேரம் என்றாள், அவசரப்படுத்தவில்லை என்றாள், உடனே, அவசரம்தான் என்றாள். பாதி வாக்கியத்தில் கீச்சென்ற ஒலி வந்து துண்டித்துவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

சனி, ஞாயிறு எப்படிப் போயின என்று அவளுக்கே நினைவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லைலிடம்கூடச் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஸீலண்டுக்குப் போனாள். சாலையோர வயல்களில் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. போய் என்ன சொல்வது என்பதைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தாள். இந்தப் பக்கமாக வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன். அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

ரிவர்பெண்டின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பெயரைக் கேட்டதும் தட்டச்சுப் பலகையைப் பார்த்துக் குனிந்தாள். கான்ராட் இப்போ எங்ககூட இல்லைங்க என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள் கிரெட்சன். அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தாள்.

“போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. நான் சொன்னதா வெளியில சொல்லாதீங்க.”

கூட்டத்துக்கு மறுநாள். அவள் முதல் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்த அதே காலையில் அவர் மேஜையைக் காலிசெய்துகொண்டிருந்திருக்கிறார். ஹவுஸா ஹைஸா என்று அவள் செத்துப்பிழைத்தது, யாருமே திறக்காத கம்பெனி மின்னஞ்சல் பெட்டி ஒன்றுக்காக.

கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பத்தரை மணிக்கு ப்ரூயிட் அம்மாளைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றாள். பிறகு லைலைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன், பத்திரமா ஓட்டிக்கிட்டு வா என்றான்.

யொலாண்டாதான் கொதித்தாள். போகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே உன் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லியிருக்கிறான், கார்டைக் கிழித்துப் போடு என்றாள். கிரெட்சனும் கிழிக்கத்தான் எடுத்தாள். பின்பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்ததும் கை நின்றது. அவருக்குத் தெரிந்திருந்ததா? தன்னுடைய அந்த உளறலைக் கேட்டிருப்பாரா? இப்போது அவருடைய போன் அடிக்கிறதா, இல்லை தன்னுடையதைப் போலவே வாயடைத்துக் கிடக்கிறதா? புது வேலையில் பிரேக் பட்டைகளுக்கும் இருக்கை உறைகளுக்கும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு இடையில் வந்து நின்றது.

வேலையில் சேர்ந்த இரண்டாவது திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், வரிசையாக நின்ற மஞ்சள் பேருந்துகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“மிஸஸ் போஸ்மா.” பெயரைச் சேமித்து வைத்திருந்திருக்கிறார். “உங்க செய்தியைக் கேட்டேன். கூப்பிட்டிருக்கணும். தைரியம் வரல.”

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?”

“அன்னிக்கு நாலு மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அஞ்சரைக்கு அந்தக் கூட்டம். வீட்டுக்குப் போய் என்ன சொல்றதுன்னு தெரியாம அங்க வந்தேன்.” மூச்சை இழுத்துவிட்டார். “நீங்க அந்த லாரிக் கதையைச் சொன்னப்போ, நான் இன்னும் அந்த வேலையிலதான் இருக்கேன்னு நினைச்சுட்டேன். நிஜமாவே நினைச்சுட்டேன். வாயில வந்துடுச்சு.”

“நான் ரெண்டு வாரம் இந்தப் போனைக் கையில பிடிச்சுக்கிட்டே அலைஞ்சேன். இன்னொரு வேலையை உங்களுக்காகத் தள்ளிப்போட இருந்தேன். அது உங்களுக்குத் தெரியணும்.”

“தெரியுது,” என்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அது அவளுக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது.

கோபமாகப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் அழைத்திருந்தாள். ஆனால் பின்னணியில் கார்க் கதவு சாத்துகிற சத்தமும் யாரோ நடந்துபோகிற சத்தமும் கேட்டது. எங்கே இருக்கீங்க என்று கேட்டாள். பக்கத்து ஊரான ஹாலண்டில், நூலகத்தின் வாசலில், காரில் என்றார். கொஞ்சம் தயங்கி, தினமும் காலை ஏழரைக்கு டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதாகச் சொன்னார். மனைவி மார்ஜீனுக்கு இன்னும் தெரியாது. நான்கு வாரம் ஆகப்போகிறது.

கிரெட்சன் யோசித்துப் பார்க்காமலே பேசினாள்.

“வியாழக்கிழமைக்குள்ள அவங்ககிட்ட சொல்லுங்க. அன்னிக்கு மதியம் நான் கூப்பிடுவேன். சொல்லலைன்னாலும் போனை எடுங்க.”

சரி என்றார்.

மூன்று நாளும் அவளுக்கு வேலை ஓடவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் இப்படி ஒரு ஆளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று லைல் முணுமுணுத்தான். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது, சொல்லியிருப்பானா என்று அவனே கேட்டான். வியாழன் மதியம் அழைத்தாள். எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து அழைத்தாள். நான்கு மணிக்கு இன்னொரு தடவை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நூலக வாசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிற உருவம் கண்ணுக்குள் வந்தது. வேண்டாத எண்ணமெல்லாம் வந்தது. தான் கெடு வைத்ததுதான் அவரை நெருக்கிவிட்டதோ? யாரிடம் சொல்வது? முகவரிகூடத் தெரியாது.

ஐந்தேகாலுக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது போனில் அவர் பெயர் வந்தது. எடுத்த வேகத்தில் கொட்டிவிட்டாள்.

“கான்ராட், எங்க போயிட்டீங்க? நான் பயந்தே போயிட்டேன்.”

“நான் கான்ராட் இல்லை,” என்றது ஒரு பெண் குரல். “அவர் போனைச் சமையலறையில வச்சுட்டுப் போயிட்டார். இன்னிக்கு மட்டும் மூணு தடவை நீங்க கூப்பிட்டிருக்கீங்க. நீங்க யாரு?”

கிரெட்சன் சாவியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்கிறாரா இல்லையா? உண்மையைச் சொன்னால் அவர் வாயால் வர வேண்டியதைத் தான் பறித்துக்கொண்டதாகும். மழுப்பினால் இந்த அம்மாள் வேறு எதையோ நினைப்பாள். இந்நேரம் நினைத்துக்கொண்டும் இருப்பாள். பெயரைச் சொன்னாள். கொள்முதல்காரர்கள் கூட்டத்தில் பார்த்தோம், வேலை விஷயமாகப் பேசினோம் என்றாள்.

“வேலை விஷயமா,” என்றாள் மார்ஜீன். “அவருக்கு வேலை இருக்கா?”

“அதை நீங்க அவர்கிட்டதான் கேக்கணும்ங்க.”

அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு நின்றது.

“வேலையோட காப்பீடும் நின்னுபோச்சுன்னு காப்பீட்டுக்காரங்க ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தபால் அனுப்பிட்டாங்க,” என்றாள் மார்ஜீன். “எனக்குத் தெரியும். தினமும் காலையில சாண்ட்விச் கட்டிக் குடுத்து அனுப்புறேன். அவரா சொல்லட்டும்னுதான் இருக்கேன். யார்கிட்டயுமே சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு ஏதாவது ஆயிடுமோன்னுதான் எனக்கு பயம்.” நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. “உங்ககிட்ட சொன்னாரா?”

“சொன்னார்.”

“என்னிக்கு?”

“திங்கக்கிழமை.”

“அப்படின்னா எங்கிட்டயும் சொல்லிடுவார்.” அது யாருக்காகச் சொன்னது என்று கிரெட்சனுக்குத் தெரியவில்லை. “நீங்க கூப்பிட்டதை நான் பார்த்ததாக் காட்டிக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. கூப்பிடுறதை மட்டும் நிறுத்திடாதீங்க.”

வெள்ளி முழுக்க ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை லைலும் அவளும் கொட்டகையில் குளிர்காலச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கான்ராட் அழைத்தார். அப்பம் போலத் தட்டையாகப் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்த மார்ஜீனிடம் முதுகுப்பக்கம் நின்றுகொண்டே சொல்லிவிட்டாராம். அவள் திரும்பிப் பார்க்காமல், ரெண்டு வேணுமா மூணு வேணுமா என்று கேட்டாளாம். அப்புறம் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்களாம். பான்கேக் கருகிவிட்டது என்றார். சொல்லும்போது சிரிக்க முயன்றார். கிரெட்சன் பக்கத்தில் இருந்த கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

கான்ராட்டுக்கு அவ்வளவு சுலபமாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. கிரெட்சன் தனக்குத் தெரிந்தவர்களில் ஏழு பேருக்கு அவரைப் பற்றி எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஏப்ரலும் மேயும் ஜூனும் போயின. ஜூலை கடைசியில் மஸ்கீகனில் படகு இழுக்கும் வண்டிகள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. முன்பு முப்பது பேருக்குத் தலைவர். இங்கே அவரும் ஒரு கோப்பு அலமாரியும்தான். யொலாண்டா இதைக் கேட்டுவிட்டு, அங்க உனக்கு ஒரு இடம் இல்லாமலா போயிடும் என்று கிண்டல் செய்தாள். கிரெட்சன் அதைக் கேட்கவும் இல்லை, கேட்க நினைக்கவும் இல்லை. பேருந்துப் பணிமனை அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

புது வேலைக்குப் போன முதல் பத்து நாள் கான்ராட்டிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. வேலையில் மாட்டிக்கொண்டவன் எழுத மாட்டான், அது நல்லதுக்குத்தான் என்றான் லைல். இருக்கலாம். இருந்தாலும் அவர் மறுபடியும் எங்காவது காருக்குள் உட்கார்ந்திருக்கிறாரோ என்ற நினைப்பில், பதினோராம் நாள் மதியம் அவளுக்குச் சாண்ட்விச் இறங்கவில்லை. அதைப் பாதியில் சுற்றி வைத்துவிட்டு மஸ்கீகனுக்கு அழைத்தாள்.